தாய்மாமன் பிடித்தம்

பேருந்தில் பக்கத்தில் நிற்கிற பெண்ணிடம் 'அக்கா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க' என்று சொல்லலாம். காய்கறிக் கடையில் 'என்னக்கா, வெண்டைக்காய் முத்தலா இருக்கே' என்று குறைப்பட்டுக்கொள்ளலாம். மதுரைப் பக்கம் இதற்கெல்லாம் செலவு ஒன்றும் கிடையாது. ஆனால் நாலு பேர் கூடியிருக்கிற இடத்தில், கொஞ்சம் உயரமாக ஏறி நின்றுகொண்டு, 'நீங்க எல்லாம் என் கூடப்பிறந்த அக்கா தங்கச்சிக, உங்க பிள்ளைக எனக்கு மருமக்க' என்று மட்டும் யாரும் சொல்லிவிடக் கூடாது. நான் சொன்னேன். எழுபதுகளின் கடைசியில், பெல்பாட்டம் பேன்ட் போட்டுக்கொண்டு, பஞ்சுப் பொதி மேல் ஏறி நின்று, கையை வீசிச் சொன்னேன். அதன் பலனை இன்றுவரை அனுபவித்துக்கொண்டிருக்கிறேன்.

திருநகர் தாண்டித் திருமங்கலம் போகிற சாலையில் ஒரு நூல் மில். (பெயர் வேண்டாம். முதலாளியின் பேரன் இப்போதும் என்னைப் பார்த்தால் வணக்கம் சொல்கிறார். அதைக் கெடுத்துக்கொள்வானேன்.) அந்த மில்லின் டைம் ஆபீஸில் நான் குமாஸ்தா. சங்கு ஊதினால் தொழிலாளர்கள் எங்கள் ஜன்னலில் வந்து அவரவர் அட்டையை வாங்கிக்கொண்டு உள்ளே போவார்கள். யார் வந்தார், யார் வரவில்லை, யார் சம்பளத்தில் எதைப் பிடிக்க வேண்டும் என்பதெல்லாம் எங்கள் இலாகா. பி.காம். முடித்த கையோடு கிடைத்த வேலை. ஆனால் தற்காலிகம்தான். நிரந்தரம் ஆக்குகிற உத்தரவு மேனேஜர் ரங்கநாதனின் மேஜை டிராயரில், அவர் வெற்றிலைப் பெட்டிக்கு அடியில் இருப்பதாக மில்லில் பேச்சு.

ரங்கநாதன் கெட்ட மனுஷர் இல்லை. முதலாளிக்குப் பயந்த மனுஷர். முதலாளியின் கார் ஹாரன் கேட்டால் உட்கார்ந்திருக்கிற நாற்காலியிலிருந்து தானாக எழுந்துவிடுவார். ஒருமுறை சாலையில் போன ஏதோ லாரியின் ஹாரனுக்கும் எழுந்து நின்றதை நானே பார்த்தேன்.

மில்லில் ரீலிங் என்று ஒரு பிரிவு. நூலைச் சிட்டம் சிட்டமாகச் சுற்றுகிற இடம். அங்கே முழுக்கப் பெண்கள். கீழக்குயில்குடி, அதைச் சுற்றியுள்ள ஊர்கள், திருமங்கலம் என்று பல பக்கமிருந்தும் வருவார்கள். கைப்பிள்ளைக்காரிகள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே வருவார்கள். கேன்டீனுக்குப் பின்னால் ஓர் அறை இருந்தது. ஆபீஸ் காகிதங்களில் அதற்குப் பெயர் குழந்தைகள் காப்பகம். பெண்கள் சொல்வது தொட்டில் ரூம். கூரைக் கம்பியில் பழைய சேலைகளைக் கட்டித் தொங்கவிட்டு, அதில் பிள்ளைகளைப் போட்டுவிட்டு வேலைக்குப் போவார்கள். பஞ்சுத் தூசி அங்கேயும் பறக்கும். ஒரு நாள் தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் வந்தார். அந்த அறையில் நின்று இரண்டு முறை தும்மினார். "அடுத்த தடவை நான் வர்றப்ப இது பிள்ளைக இருக்குற எடமா இருக்கணும்" என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

மேனேஜர் மாய்ந்து மாய்ந்து வேலை பார்த்தார். அறைக்கு இளநீல வண்ணம் அடித்தார்கள். மரத்தொட்டில்கள் வந்தன. பிள்ளைகளுக்குச் சாயங்காலம் பால் என்று ஏற்பாடாயிற்று. செல்லம்மா என்று ஓர் ஆயாவைப் போட்டு அவருக்கு வெள்ளைச் சேலையும் கொடுத்தார்கள். எல்லாம் முடிந்தபோது முதலாளி வந்து பார்த்தார். "நல்லாருக்கு. இம்புட்டுச் செலவு யார் கணக்குல?" என்று கேட்டுவிட்டுக் காரில் ஏறிவிட்டார். மேனேஜருக்கு அன்று மதியம் சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் காலையில் முகம் தெளிந்து வந்தார். வழி கண்டுபிடித்துவிட்டார். பிள்ளையை விடுகிறவர்கள் சம்பளத்திலேயே அந்தச் செலவைப் பிடித்துக்கொள்வது.

என்னைக் கூப்பிட்டார்.

"கணேசா, காலேஜ்ல பேச்சுப் போட்டியில பரிசு வாங்குனதா அப்ளிகேஷன்ல எழுதியிருக்கியே."

"ஆமா சார். முதல் பரிசு."

"அந்தத் திறமைய நம்ம மில்லும் பாக்கணும்ல. ரீலிங் பொம்பளைகட்ட நீதான் எடுத்துச் சொல்ற. அவுகளா மனசு ஒப்பிச் சரின்னு சொல்லிட்டா சிக்கல் இல்ல." பிறகு டிராயரைத் திறந்து வெற்றிலைப் பெட்டியை எடுத்து மேஜை மேல் வைத்தார். அடியில் இருந்ததை நான் பார்க்க வேண்டும் என்றுதான் எடுத்தார் என்பது என் சந்தேகம். நானும் பார்த்தேன்.

பேச்சுக்கு நான் செய்த ஆயத்தம் கொஞ்சநஞ்சமில்லை. வீட்டுக் கண்ணாடி முன்னால் நின்று கையை வீசிப் பழகினேன். அம்மா கொசு அடிக்கிறேன் என்று நினைத்துக் கதவைச் சாத்திவிட்டுப் போனாள்.

மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரம். கேன்டீன் பக்கத்து வேப்பமர நிழலில் பெண்கள் தூக்குவாளியைத் திறந்து உட்கார்ந்திருந்தார்கள். நான் ஒரு பஞ்சுப் பொதியின் மேல் ஏறினேன். "உழைப்பின் மறுவடிவமான தாய்மார்களே" என்று ஆரம்பித்தேன். யாரும் நிமிரவில்லை. ஒருத்தி இன்னொருத்தியிடம் ஊறுகாய் கேட்டது எனக்கு நன்றாகக் கேட்டது. இளநீல வண்ணத்தைப் புகழ்ந்தேன். மரத்தொட்டிலைப் புகழ்ந்தேன். பாலின் சத்தைப் பற்றி ஒரு பத்தி பேசினேன். கடைசியில் விஷயத்துக்கு வந்து, இனி பிள்ளையை விடுகிறவர்களுக்குச் சம்பளத்தில் ஒரு சிறு தொகை பிடிக்கப்படும் என்றேன். அப்போது எல்லோரும் நிமிர்ந்தார்கள்.

முத்துப்பேச்சிதான் முதலில் எழுந்தாள். கீழக்குயில்குடிக்காரி. அவள் கதை மில்லில் எல்லாருக்கும் தெரியும். மாமியார் இல்லை. பிறந்த வீட்டில் அண்ணன் தம்பி என்று யாரும் இல்லை. புருஷன் கல் உடைக்கப் போனால் வாரக்கணக்கில் வீடு திரும்பமாட்டான். மூத்த பையனைக் கைப்பிள்ளையில் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுக் கூலி வேலைக்குப் போனாள். ஒரு நாள் அவன் தவழ்ந்து போய் அடுப்பில் கையை வைத்துவிட்டான். விரல்கள் ஒட்டிக்கொண்டு இன்றும் அந்தக் கை முழுதாக விரியாது. இரண்டாவதாகப் பிறந்த செல்வியை அவள் ஒரு நாள்கூட யாரிடமும் விட்டதில்லை. தொட்டில் ரூம் இருப்பதால்தான் இந்த மில்லுக்கு வேலைக்கு வந்தாள்.

"தம்பி, பிடிச்சது போகக் கையில நிக்கிறது புள்ளைக்கே பத்தாது. தொட்டில் ரூம்ல விடலைன்னா நான் வேலைக்கு வர முடியாது. வேலைக்கு வரலைன்னா சோறு இல்ல. நான் எதைச் செய்ய, நீங்களே சொல்லுங்க."

பேச்சுப் போட்டியில் யாரும் எழுந்து கேள்வி கேட்பதில்லை. என் நாக்கு ஒட்டிக்கொண்டது. கை மட்டும் பழகிய பழக்கத்தில் வீசிக்கொண்டிருந்தது. அத்தனை முகங்களும் என்னையே பார்த்தன. அந்தத் தவிப்பில் வாய்க்கு வந்ததை எல்லாம் கொட்டிவிட்டேன்.

"அக்கா, நான் வீட்டுக்கு ஒத்தப் பிள்ளை. எனக்குன்னு கூடப்பொறந்தவுக யாருமில்ல. உங்களைத்தான் என் அக்கா தங்கச்சிகளா நெனைக்கேன். உங்க பிள்ளைக எனக்கு மருமக்க. அவுகளுக்குக் கெடுதல் வர நான் விடுவேனா?"

சொல்லி முடித்தபோது என் கண்ணிலேயே தண்ணீர் வந்துவிட்டது. (என் பேச்சைக் கேட்டு அழுத ஒரே ஆள் நான்தான்.) பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பிரிவுக்கே பெரியவர் மாதிரி ஓச்சம்மா என்று ஒருவர் உண்டு. நாலு பிள்ளை பெற்று, கடைசிப் பயலை இன்னும் இடுப்பில் வைத்திருந்தவர். அவர் கையைக் கழுவிக்கொண்டு என் பொதிக்குப் பக்கத்தில் வந்தார்.

"தம்பி, நெசமாத்தான் சொல்றீகளா?"

"நெசமாத்தான் அக்கா."

"இம்புட்டுப் பேரு சாட்சியா, கூடப்பொறந்தவன்னு சொல்லிட்டீக."

"சொல்லிட்டேன் அக்கா."

"அப்பச் சரி."

அவ்வளவுதான். எல்லோரும் தூக்குவாளியை மூடிக்கொண்டு எழுந்து போனார்கள். நான் நேரே மேனேஜரிடம் ஓடி, "சம்மதிச்சுட்டாங்க சார்" என்றேன். அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கி, தன் பிளாஸ்கிலிருந்தே காபி ஊற்றிக் கொடுத்தார்.

வீட்டில் அம்மாவிடம் பெருமையாக எல்லாவற்றையும் சொன்னேன். தோசை வார்த்துக்கொண்டிருந்தவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"என்னன்டா சொன்ன? கூடப்பொறந்தவன்னா?"

"ஆமா."

"கூட்டத்துலயா?"

"ஆமாம்மா."

"அட கூறுகெட்டவனே" என்று சொல்லித் தரையில் உட்கார்ந்துவிட்டாள். எங்கள் சொந்தத்தில் எங்கள் வீட்டுக்கு ஒரு தனி மதிப்பு இருந்தது. பெண்பிள்ளை இல்லாத வீடு, சீர் செனத்தி என்று ஒரு செலவும் கிடையாது, பெண் கொடுத்தால் நாத்தனார் தொல்லை இல்லை. அந்த மதிப்பை வைத்துத்தான் எனக்குப் பெண் பார்க்கலாம் என்று அம்மா கணக்குப் போட்டிருந்தாள். தோசை கருகுகிற வாசம் வந்தது. நான் ஏன் இவள் இப்படிப் பதறுகிறாள் என்று புரியாமல் அதையும் சாப்பிட்டுவிட்டுப் படுத்தேன்.

காலையில் புரிந்தது. சங்கு ஊத இன்னும் நேரம் இருந்தது. ஓச்சம்மா ஜன்னலுக்கு வரவில்லை. கதவைத் திறந்துகொண்டு உள்ளேயே வந்தார். இடுப்பிலிருந்த கடைசிப் பயலை இறக்கி என் மேஜை மேல் உட்கார வைத்தார்.

"இந்தா தம்பி, ஒங்க மருமகன். மத்தியானம் வாரேன்."

"அக்கா, தொட்டில் ரூம் அந்தப் பக்கம்..."

"அங்க விட்டாச் சம்பளத்துல பிடிப்பாகளாம். மாமன் கையில விட்டா யாரு பிடிப்பா? தாய்மாமன் வீட்டுல புள்ளைய விட துட்டுக் கேக்குற ஊரு எங்கயாச்சும் இருக்கா?"

அவருக்குப் பின்னால் வரிசையாக நின்றார்கள். ஒவ்வொருத்தியும் "மாமன்கிட்ட இரு கண்ணு" என்று சொல்லி ஒரு பிள்ளையை இறக்கிவிட்டு அட்டையை வாங்கிக்கொண்டு போனாள். ஒருவர் முகத்திலும் கோபம் இல்லை. உண்மையிலேயே அண்ணன் தம்பி வீட்டில் விட்டுப் போகிற நிம்மதிதான் இருந்தது. அதுதான் என்னைக் கொன்றது.

கடைசியாக முத்துப்பேச்சி வந்தாள். மற்றவர்களைப் போல இறக்கிவிட அவளுக்கு மனம் வரவில்லை. செல்வியை மார்போடு பிடித்துக்கொண்டு, என் அறையைச் சுற்றிப் பார்த்தாள். ஸ்டவ் எதுவும் இருக்கிறதா என்று பார்க்கிறாள் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. பிறகு பிள்ளையை என் கையில் கொடுத்தாள்.

"சங்கு ஊதுனதும் பால் குடுக்க வாரேன் தம்பி. நடுவுல அழுதா அந்த ஜன்னலைத் தொறந்து வைங்க."

"மெஷின் சத்தத்துல உங்களுக்குக் கேக்காதே அக்கா."

"எனக்குக் கேக்கும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

அதற்குப் பிறகு நடந்ததை வரிசையாகச் சொல்ல என்னால் ஆகாது. எல்லாம் ஒரே நேரத்தில் நடந்தது. ஓச்சம்மாவின் பயல் முத்திரை மையில் கையை முக்கிச் சுவரெல்லாம் வருகைப் பதிவு செய்தான். ஒரு பிள்ளை அட்டைகளைத் தின்ன ஆரம்பித்தது. (அந்த மாதம் யாரோ ஒரு ஃபிட்டருக்குப் பாதி ஆஜர்தான் மிஞ்சியது.) ஒன்று அழ, அதைப் பார்த்து இன்னொன்று அழ, நான் சமாதானம் செய்யப் போய்க் குனிந்ததில் பெல்பாட்டத்தின் அகலத்துக்குள் ஒன்று புகுந்துகொண்டு வெளியே வரமாட்டேன் என்றது. நாலா பக்கமும் ஈரம். எது யாருடையது என்று கண்டுபிடிக்க வழியில்லை.

வாசலில் போய்க் கூவினேன். எதிரே கேன்டீன் பக்கம், இளநீல அறையின் வாசலில், வெள்ளைச் சேலையில் ஆயா செல்லம்மா ஒரு வேலையும் இல்லாமல் நின்றுகொண்டிருந்தார்.

"அக்கா, நீங்களாவது வாங்களேன்."

"எனக்கு ஆர்டர் இல்ல தம்பி. பிடித்தம் போட்ட புள்ளையத்தான் எடுக்கணும்னு மேனேஜரு சொல்லியிருக்காக."

"அப்ப வழியாவது சொல்லுங்க."

"மொதல்ல எல்லாத்துக்கும் காலக் கழுவி விடுங்க. பெறகு தொட்டில் கட்டுங்க" என்று அங்கிருந்தே சொன்னார். சேலைக்கு எங்கே போவது? மேனேஜர் அறை ஜன்னல் திரையைக் கழற்றிக்கொண்டு வந்து கூரைக் கம்பியில் கட்டினேன். செல்வியை அதில் போட்டு ஆட்டினேன். தாலாட்டு எனக்குத் தெரியாது. எனக்கு மனப்பாடமாகத் தெரிந்தது பரிசு வாங்கிய பேச்சு ஒன்றுதான். அதைத் தணிந்த குரலில் சொல்ல ஆரம்பித்தேன். இரண்டாவது பத்தியிலேயே செல்வி தூங்கிவிட்டாள். மூன்றாவது பத்தியில் இன்னும் இரண்டு பிள்ளைகள் சாய்ந்தன. கல்லூரியிலும் முன்வரிசையில் சிலர் இப்படித்தான் சாய்ந்திருந்தார்கள் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

அந்த நேரம் பார்த்து மில் வாசலில் ஜீப் வந்து நின்றது. இன்ஸ்பெக்டர்.

மேனேஜர் ரங்கநாதனுக்கு அதைவிட நல்ல நாள் இருக்க முடியாது என்ற நினைப்பு. மாலை ஒன்றுதான் போடவில்லை. "மொதல்ல காப்பகத்தைப் பாத்துடலாம் சார்" என்று அவரே அழைத்துப் போனார். வண்ணத்தைக் காட்டினார். தொட்டில்களைத் தட்டிக் காட்டினார். பால் பாத்திரத்தின் மூடியைத் திறந்து காட்டினார். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு இன்ஸ்பெக்டர், "எல்லாம் சரி, பிள்ளைக எங்க?" என்று கேட்டார்.

"இன்னைக்கு யாரும்... விசேஷ நாளு சார். கொண்டு வரலை போல."

அதே சமயம் என் அறையில் ஒரு பிள்ளை விழித்துக்கொண்டது. அது மற்ற எல்லாவற்றையும் எழுப்பியது. முத்துப்பேச்சி சொன்னபடி நான் ஜன்னலைத் திறந்து வைத்தேன். இன்ஸ்பெக்டர் சத்தம் வந்த திசையைப் பார்த்தார். நடக்க ஆரம்பித்தார். பின்னாலேயே மேனேஜர் ஓட்டமும் நடையுமாக வந்தார்.

வாசலில் வந்து நின்றவர் பார்த்தது இது: சட்டையெல்லாம் நனைந்து, முகத்தில் மை அப்பி, தோளில் அலறுகிற செல்வியும் காலைக் கட்டிக்கொண்டு இரண்டு பிள்ளைகளுமாக நான். தலைக்கு மேல் மேனேஜரின் ஜன்னல் திரை ஆடிக்கொண்டிருக்கிறது.

"நீங்க யாரு?" என்றார்.

நான் வாயைத் திறக்குமுன் ஓச்சம்மாவின் பயல் தெளிவாகச் சொன்னான். "மாமா."

"இந்தப் பிள்ளைக்கு மாமாவா நீங்க?"

"எல்லாத்துக்கும் சார்" என்றேன்.

மேனேஜர் பின்னாலிருந்து கண்ணைக் காட்டினார். ஏதாவது நல்லபடியாகச் சொல்லு என்று அதற்கு அர்த்தம். ஆனால் காலையிலிருந்து பட்டதில் எனக்கு நல்லபடி என்ற ஒன்று உலகத்தில் இருப்பதே மறந்திருந்தது. நடந்ததை நடந்தபடி சொன்னேன். தொட்டில் ரூமுக்குச் சம்பளத்தில் பிடிக்கப் போவதையும், நான் பொதி மேல் ஏறியதையும், மாமன் ஆனதையும் சொன்னேன். சொல்லச் சொல்ல அந்த நிரந்தர உத்தரவு வெற்றிலைப் பெட்டியோடு சேர்ந்து எங்கோ பறந்து போவது எனக்குத் தெரிந்தது.

இன்ஸ்பெக்டர் மேனேஜர் பக்கம் திரும்பினார். "காப்பகம் வைக்கிறது மில்லோட பொறுப்பு. அதுக்குத் தொழிலாளிகிட்ட ஒத்தப் பைசா வாங்கக் கூடாதுன்னு சட்டத்துலயே இருக்கு. அவுங்க சம்மதிச்சாலும் வாங்க முடியாது. தெரியாதா உங்களுக்கு?"

"இல்ல சார், இந்தப் பையன்தான் கொஞ்சம் ஆர்வக்கோளாறுல..." என்று மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் கீழே பார்த்தேன். எனக்கு அவமானமாக இருந்தது. சட்டம் தெரியாமல் அப்படியொரு பேச்சுப் பேசியதற்கு அவமானம். அந்த அவமானத்தைக்கூட நிம்மதியாகப் பட முடியாதபடி ஒரு பிள்ளை என் பாக்கெட்டிலிருந்து பேனாவை உருவிக்கொண்டிருந்தது.

சங்கு இன்னும் ஊதவில்லை. அதற்குள் முத்துப்பேச்சி வந்துவிட்டாள். தலையெல்லாம் பஞ்சு. இன்ஸ்பெக்டரையும் பார்க்கவில்லை, மேனேஜரையும் பார்க்கவில்லை. நேரே வந்து செல்வியை வாங்கினாள். வாங்கியதும் பிள்ளையின் உள்ளங்கை இரண்டையும் விரித்துப் பார்த்தாள். பிறகு பாதங்களைப் பார்த்தாள். அதற்கப்புறம்தான் மூச்சு விட்டாள். அங்கே நடந்துகொண்டிருந்ததில் பாதி அவள் காதில் விழுந்திருக்க வேண்டும். இன்ஸ்பெக்டரைப் பார்த்துக் கும்பிட்டாள்.

"ஐயா, இந்தத் தம்பிய வேலைய விட்டு எடுத்துராதீக. இம்புட்டுப் புள்ளைகள்ல ஒண்ணுகூடக் கையச் சுட்டுக்கல."

எனக்கு அதற்கு முன்னும் பின்னும் பல பேர் பல சான்றிதழ் கொடுத்திருக்கிறார்கள். இதற்கு இணையாக ஒன்று வந்ததில்லை. இரண்டு நாளில் இரண்டாவது முறையாக எனக்குக் கண் கலங்கியது. இந்தத் தடவை என் பேச்சுக்கு இல்லை, அவள் பேச்சுக்கு.

பிடித்தம் அன்றைக்கே கைவிடப்பட்டது. இன்ஸ்பெக்டர் கிளம்புமுன்னே செல்லம்மாவுக்கு ஆர்டர் வந்துவிட்டது. பிள்ளைகள் எல்லாம் இளநீல அறைக்குப் போனார்கள், பால் குடித்தார்கள். முத்துப்பேச்சி மறுநாளும் வேலைக்கு வந்தாள், அதற்கடுத்த நாளும் வந்தாள். மேனேஜர் கொஞ்ச நாள் என்னோடு பேசவில்லை. பிறகு ஒரு நாள் நிரந்தர உத்தரவை நீட்டினார். "ஒரே ஒரு கண்டிஷன். இந்த மில்லுக்குள்ள இனி நீ பேசக் கூடாது" என்றார்.

கதை இதோடு முடிந்திருந்தால் அம்மாவின் பதற்றம் வீணாகியிருக்கும். பிடித்தம்தான் ரத்தானது. உறவு ரத்தாகவில்லை. அதைப் பற்றி எந்தச் சட்டமும் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முத்துப்பேச்சியும் அவள் புருஷனும் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு பழத்தோடு திருமங்கலத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். செல்விக்கு மொட்டையடித்துக் காது குத்தப் போகிறார்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். அவளுக்கோ கூடப்பிறந்தவன் கிடையாது. "தம்பி சொன்ன சொல்லு இருக்கு. அதான் வந்தோம்" என்றாள். அப்பா அவர்களிடம் எந்தத் தெரு என்று கேட்டார். சொன்னார்கள். அந்தத் தெருவில் எங்கள் ஆட்கள் கை நனைப்பதில்லை. அப்பா எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டார். முத்துப்பேச்சியின் கையில் தாம்பாளம் அப்படியே நின்றது. பொதி மேல் ஏறினால்தான் எனக்குப் பேச்சு வரும் போலிருக்கிறது.

அம்மாதான் போய்த் தாம்பாளத்தை வாங்கினாள். அவர்கள் போன பிறகு என்னைத் திட்டிக்கொண்டே செருப்பை மாட்டினாள். "வா நகைக்கடைக்கு. மாமன்னு சொன்ன பெறகு வெறுங்கையோட போயி நிக்கவா? நாம என்ன சீர் செய்யத் தெரியாத குடும்பமா?" சீர் இல்லாத வீடு என்று பெருமைப்பட்டவள், கடையில் கொலுசுக்கு நிறம் பத்தாது, திருகு சரியில்லை என்று கடைக்காரரை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டாள்.

அப்பா வரமாட்டேன் என்றுதான் இருந்தார். காதுகுத்து அன்று காலையில் நானும் அம்மாவும் கிளம்பியபோது, சலவைச் சட்டையோடு எங்களுக்கு முன்னால் பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தார். "சீரை எடுத்துட்டுப் போறப்ப வீட்டு ஆம்பள ஒருத்தன் கூட வர வேணாமா?" என்றார். 'அப்ப நான் யாரு?' என்று கேட்கலாமா என்று நினைத்தேன். கேட்கவில்லை.

கீழக்குயில்குடியில் மலையடிவாரக் கோயிலில் செல்வி என் மடியில் உட்கார்ந்தாள். ஆசாரி ஊசியை எடுத்ததும் எனக்குத் தலை சுற்றியது. செல்வி ஒரு சின்ன அழுகையோடு நிறுத்திக்கொண்டாள். நான் அலறிவிட்டேன். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அன்று பந்தியில் எங்கள் மூன்று பேருக்கும்தான் முதல் இலை. அப்பா இரண்டாம் முறை சாம்பார் கேட்டு வாங்கினார்.

ரீலிங் பிரிவு முழுக்க அதைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதன்பின் ஓச்சம்மா வந்தார். அவருக்குப் பின்னால் மற்றவர்களும் வந்தார்கள். காதுகுத்து, மொட்டை, சடங்கு, கல்யாணம். சிலருக்குச் சொந்தத் தம்பிகளே இருந்தார்கள், அவர்களோடு சேர்த்து என்னையும் உட்கார வைத்தார்கள். எனக்குக் கல்யாணம் நடந்தபோது பெண் வீட்டார் நாத்தனாரே இல்லாத வீடு என்று நம்பி வந்தார்கள். முகூர்த்த நேரத்தில் ஒரு பஸ் நிறைய நாத்தனார்கள் வந்து இறங்கினார்கள். மூன்றாம் முடிச்சு யார் போடுவது என்று மேடைக்குக் கீழே ஒரு சின்ன சண்டையே நடந்தது. கடைசியில் முத்துப்பேச்சி போட்டாள். என் மாமனார் சாகும்வரை 'ஏமாத்திக் கட்டிட்டாங்க' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். முதல் மாதச் சம்பளத்தை என் மனைவியிடம் கொடுத்தபோது, இது என்ன குறைகிறது என்று கேட்டாள். அன்றைக்கு ஏதோ ஒரு மருமகனுக்கு வேட்டி துண்டு எடுத்திருந்தேன். "தாய்மாமன் பிடித்தம்" என்றேன். அந்தப் பெயரே வீட்டில் நிலைத்துவிட்டது. மில் பெண்கள் சம்பளத்தில் பிடிக்கப் போன ஆள் தன் சம்பளத்தில் ஆயுள் முழுக்கப் பிடித்தம் கட்டினார் என்று என் மனைவி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவாள். பேரன் பேத்திகளுக்கும் அந்தக் கதை மனப்பாடம்.

மில் மூடிப் பல வருடம் ஆகிவிட்டது. செல்வி இப்போது மதுரையில் ஓர் ஆபீஸில் வேலை பார்க்கிறாள். திருமங்கலத்தில்தான் வீடு. அவள் ஆபீஸில் தொட்டில் ரூம் இல்லை. காலையில் பஸ் ஏறுமுன், கல்யாணமாகி வெகு வருடம் கழித்துப் பிறந்த பிள்ளையை எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போகிறாள். கூடத்தில் என் மனைவியின் பழைய சேலையில் தொட்டில் கட்டியிருக்கிறோம். தினமும் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே ஒரே கேள்வியைத்தான் கேட்பாள்.

"மாமா, மாசம் எம்புட்டுப் பிடிப்பீக?"

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு பதில் சொல்லத் தயாராவேன். அதற்குள் உள்ளேயிருந்து என் மனைவியின் குரல் வந்துவிடும். "அவரைப் பேச விடாத செல்வி. புள்ளையக் குடுத்துட்டு நீ கெளம்பு."

செல்வி சிரித்துக்கொண்டே போய்விடுவாள். கொஞ்ச நேரத்தில் பிள்ளை அழும். நான் எழுந்து ஜன்னலைத் திறந்து வைப்பேன். மதுரை எங்கே இருக்கிறது, அவளுக்கு எப்படிக் கேட்கும் என்று என் மனைவி கேட்பாள். எனக்கும் தெரியாது. இருந்தாலும் திறந்துதான் வைக்கிறேன்.